மெயினை அணைச்சிட்டுப் போம்மா

மார்ச் 6
கரண்ட் பில் வந்தது. ஒரு மின்விசிறி, ஒரு விளக்கு, ஒரு செல்போன் சார்ஜர் — என் குடித்தனமே அவ்வளவுதான். பில்லைப் பார்த்தால் உள்ளே மாவு மில் நடத்துகிறேன் போலிருக்கிறது. அடுத்ததும் இப்படி வந்தால் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

அம்மா போனில், "காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலியாடி?" என்றாள். எங்கள் வீட்டில் முதன்முதலில் காலேஜுக்குப் போனவள் நான். அதனால் எல்லாமே அங்கே சொல்லித் தந்திருக்க வேண்டும்.

மார்ச் 9
விளக்குப் போடாமலே பல் தேய்த்தேன். அது பற்பசை இல்லை.

மார்ச் 12
மாடியில் இருக்கும் வீட்டுக்கார சார் படியில் மறித்துக்கொண்டார். சிக்கனம் பற்றி உரை. "படிச்ச பொண்ணுதானே? வெளிய போறப்ப மெயினை அணைச்சிட்டுப் போம்மா. எல்லாம் பழக்கம்மா!" தலையை ஆட்டினேன். எனக்குத் தெரிந்த ஒரே பதில்.

மார்ச் 13
அணைத்துவிட்டுப் போனேன்.

மார்ச் 17
சார் வாசலில் பனியனோடு, வியர்த்து வழிய, ஏசி மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டிருந்தார். "நீ ஆபீஸ் கிளம்பினா ஏசி நின்னுடுது, நீ வந்தா ஓடுது. என்ன ராசிம்மா உனக்கு?"

தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்தேன். கதவைச் சாத்திய பிறகுதான் உறைத்தது. என் மெயின்... அவர் ஏசி... அட கடவுளே! நான் இருட்டில் கண்டதையும் வாயில் போட்டுத் தேய்க்க, அவர் ஜில்லென்று தூங்கியிருக்கிறார்!

சொல்லணும். எப்படி? பக்கெட்டை எதிரே வைத்துச் சொல்லிப் பார்த்தேன். பக்கெட்டிடமே குரல் நடுங்குது.

மார்ச் 19, ஞாயிறு
வாய் வரவில்லை. சாரைச் சைகையால் உள்ளே கூப்பிட்டு, மெயினை அணைத்தேன்.

மாடியிலிருந்து அவர் மனைவி: "ஏங்க, ஏசி போச்சு!"

போட்டேன். "வந்துடுச்சுங்க!"

அணைத்தேன். "திரும்பப் போச்சுங்க! அந்தப் பொண்ணு வெளிய கிளம்பிடுச்சா, பாருங்க!"

சார் மெயினைப் பார்த்தார், மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

மார்ச் 20
எலக்ட்ரீஷியன் வந்தார். "ஏசி மாட்டினவன் கிட்டக்க இருந்த கீழ் வீட்டு ஒயர்ல சேர்த்துட்டுப் போயிருக்கான் சார்." அதிகமாகக் கட்டியதை வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னார் சார் — சுவரிடம்.

மே 8
புது பில். வேறு யாருடையதோ என்று மேலே பெயரைப் பார்த்தேன். என்னுடையதேதான். இத்தனூண்டு!

சார் தன் பில்லைப் பிடித்தபடி படியில் உட்கார்ந்திருந்தார். "ஏம்மா, படிச்ச பொண்ணு நீ... இதைக் குறைக்க ஏதாவது வழி இருக்கா?"

தலையை ஆட்டத்தான் போனேன். வாய் முந்திக்கொண்டது.

"வெளிய போறப்ப மெயினை அணைச்சிட்டுப் போங்க சார். எல்லாம் பழக்கம் சார்."