இடப்பக்கக் கதவு

நவம்பர் 12
மலை விடுதி, இரண்டாம் மாடி

அன்பு மகள் சிஹோவுக்கு,

அங்கே ஜெர்மனியில் மரங்களெல்லாம் இலை உதிர்த்து நிற்கும். இங்கே மலையுச்சியில் முந்தாநாள் முதல் பனி விழுந்தது. கீழே ஆற்றங்கரையில் மேப்பிள் மட்டும் இன்னும் சிவப்பாகவே நிற்கிறது. பருவத்தைப் பற்றி நாலு வரி எழுதாமல் கடிதம் தொடங்குகிறவன் காட்டான் என்பாள் உன் அம்மா. எழுதிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கம்பெனி இன்னும் ஐந்து வருடத்துக்கு ஒப்பந்தம் தருகிறது, மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், போடவா வேண்டாமா, அம்மா எப்படி இருக்கிறாள், வியாபாரி மாதிரி பேசாமல் உள்ளதைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். கடையில் நின்றபடியே பதில் எழுதினேன். அம்மா நன்றாக இருக்கிறாள், கையெழுத்துப் போடு, அவ்வளவுதான். உறையில் போட்டு ஒட்டியும் ஆயிற்று. அது இப்போதும் என் கோட்டுப் பையில்தான் இருக்கிறது. இங்கே விடுதி வாசலிலேயே தபால் பெட்டி இருக்கிறது. மூன்று முறை அதைக் கடந்து போய் வந்தேன், போடவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். ஒரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நீ போன் செய்யும்போதெல்லாம் அம்மா குளிக்கிறாள் என்று சொல்லி வந்தேன். ஒருமுறை நீகூடச் சிரித்தாய், "அம்மா என்ன மீனாப்பா, எப்பப் பார்த்தாலும் தண்ணியிலயே இருக்காங்க?" என்று. அவள் குளிக்கவில்லை. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். போனைக் கொடுத்தால் யாரு, யாரு என்று இரண்டு தரம் கேட்பாள். அதை நீ கேட்கக் கூடாது என்று நினைத்தேன்.

போன வருடம் வசந்த காலத்தில் ஆரம்பித்தது இது. ஒரே காலையில் மூன்று முறை மிசோ சூப் வைத்தாள். மூன்றையும் குடித்தேன். பிறகு கடை வாசலில் நின்றுகொண்டு, நீகாட்டாவிலிருந்து வந்த மொத்த வியாபாரியை, "இன்னிக்குக் கடை லீவுங்க, எங்க வீட்டுக்காரர் பொண்ணோட ஸ்கூலுக்குப் போயிருக்காரு" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். நான் பின்னால் கிட்டங்கியில் கடற்பாசிக் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். உனக்கு வயது நாற்பத்தொன்று. டாக்டரிடம் கூட்டிப்போனேன். பெயரெல்லாம் சொன்னார். மாத்திரை வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது என்றார். வேறு நல்ல மாத்திரை இல்லையா, எங்கிருந்தாலும் வரவழைக்கிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. சைக்கிளில் கருவாட்டுப் பெட்டி கட்டிச் சகாட்டா துறைமுகம் முழுக்க விற்றவன் நான். பேசிப் பேசி வாங்க முடியாத பொருள் என்று ஒன்றை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தெரிந்த இடங்களுக்குக் கூட்டிப்போங்கள், தெரிந்த பழக்கங்களை விடாதீர்கள் என்றார் டாக்டர். அதனால்தான் இந்த நவம்பரிலும் இங்கே வந்தோம். முப்பத்தொரு வருடமாக வருகிற விடுதி, அதே அறை, அதே வெந்நீர் ஊற்று. உன் பத்து வயது முதல் கல்லூரிக்குப் போகும்வரை உன்னையும் இழுத்து வந்த இடம்தான். உனக்கு நினைவிருக்கும், இரண்டு குளியல் அறைகள். மாடிப்படி இறங்கினால் சுவர்க்கடிகாரத்துக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. வாசலில் நீலத் துணி தொங்கினால் ஆண்கள், சிவப்புத் துணி தொங்கினால் பெண்கள்.

முதல் நாள் சாயங்காலம் அங்கேதான் என் கஷ்டம் தொடங்கியது. சிவப்புத் துணிவரை அவளைக் கூட்டிப்போகலாம், அதற்கு மேல் ஓரடிகூட வைக்க முடியாது. சேர்ந்து குளிக்கத் தனி அறை ஒன்று இருந்ததே, கோடை வெள்ளத்தில் அதன் குழாய் உடைந்து பூட்டிக் கிடக்கிறது. உள்ளே போன செண்டாய் ஊர்க்காரப் பெண் ஒருத்தியிடம், என் மனைவியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று குனிந்து கும்பிட்டுச் சொன்னேன். பிறகு வாசலில் நாற்பது நிமிடம் நின்றேன். போகிற வருகிற பெண்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பெண்கள் குளியலறை வாசலில் பருத்தி அங்கியோடு ஒரு கிழவன் நின்றால் வேறு எப்படிப் பார்ப்பார்கள்? வெளியே வந்தவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றாள்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. துணியின் நிறம் அவள் மனதில் நிற்கவில்லை. ஆனால் கால் பழகிய வழி நிற்கிறது. ஆகவே பாடம் நடத்தினேன். படி இறங்கு, கடிகாரத்தைப் பார், இடக்கைப் பக்கம் திரும்பு, கதவைத் தள்ளு. சாப்பாட்டுக்கு முன் ஆறு தரம், பின்னால் நாலு தரம் நடக்கவைத்தேன். கடைசி இரண்டு தரம் நான் மாடியிலேயே நின்றுகொண்டேன். அவளே போய்க் கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். "என்ன, உங்க கடையில புதுசா சேர்ந்த ஆளா நானு?" என்று கிண்டல் வேறு. புது வாடிக்கை பிடித்த அன்றுகூட நான் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

சிஹோ, உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. முப்பத்தொரு வருடம் வந்தவனுக்குப் புரியவில்லை.

வந்தவர்கள் இரண்டு குளியலையும் அனுபவிக்கட்டும் என்று இங்கே விடியலில் துணிகளை மாற்றிப் போடுவார்கள். நேற்றுப் பெண்களுடையது இன்றைக்கு ஆண்களுடையது. இது எனக்குத் தெரியாததா? இன்று காலை ஆறு மணிக்கு அவள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அரை மணியில் வந்துவிடலாம் என்று நான் இறங்கினேன். நீலத் துணி இடப்பக்கம் தொங்கியது. யோசிக்காமல் அதைப் பார்த்துத்தான் உள்ளே போனேன்.

தண்ணீரில் நாலு பேர் இருந்தோம். ஹிகாஷினேயில் செர்ரித் தோட்டம் வைத்திருக்கும் இகராஷி, வருடா வருடம் இங்கே பார்க்கிற மனிதர், அவரும் வேறு இரண்டு பேரும் நானும். கண்ணாடிக் கதவு நகர்ந்தது. உன் அம்மா உள்ளே வந்தாள். சிறு துண்டை முன்னால் பிடித்தபடி, எங்கள் எல்லாருக்கும் தலை குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து, தொட்டியில் வெந்நீர் மொண்டு தோளில் ஊற்றிக்கொள்ள ஆரம்பித்தாள். முறையில் ஒரு குறை கிடையாது. நன்றாகக் கழுவிவிட்டுத்தான் தண்ணீரில் இறங்கினாள், துண்டை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டாள். சொல்லிக்கொடுத்த வழியில் சரியாக வந்திருக்கிறாள். தப்பு செய்தது அவள் இல்லை.

யாரும் கத்தவில்லை. இகராஷிதான் முதலில் பேசினார். "இன்னிக்கு மலை ரொம்ப நல்லாத் தெரியுது. எல்லாரும் அந்தப் பக்கம் பாருங்கப்பா" என்றார். ஜன்னலுக்கு வெளியே வெறும் மூடுபனி. ஒரு மலையும் இல்லை. மூன்று பேரும் அந்த மூடுபனியை விட்டுத் தலையைத் திருப்பவேயில்லை. ஒருவர் மட்டும் நண்டு மாதிரி ஓரமாகவே நகர்ந்து வெளியேறி விடுதிப் பெண்ணைக் கூப்பிடப் போனார்.

நான் அவள் பக்கம் போனேன். மித்சுயே என்று கூப்பிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். புதிதாகப் பார்க்கிறவர்களிடம் பேசுவாளே, அந்த மரியாதைக் குரலில் கேட்டாள்.

"தனியாவா வந்திருக்கீங்க? வீட்டம்மா வரலையா?"

ஆவி அடிக்கிறது, அவள் மூக்குக்கண்ணாடி போடவில்லை, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எத்தனையோ சரக்கை நல்ல சரக்கு என்று எனக்கே விற்றிருக்கிறேன், இது விலைபோகவில்லை. ஆமாம், தனியாகத்தான் என்று தலையை ஆட்டினேன். அவளே பேசினாள். "எங்க வீட்டுக்காரர் வெளியில நிப்பாரு. கருவாட்டு யாவாரம். எல்லாத்துக்கும் அவசரம், அஞ்சு நிமிஷம் பொறுக்க மாட்டாரு" என்றாள். ஜன்னல் பக்கமிருந்து இகராஷி இருமினார்.

தண்ணீர் நல்ல சூடு. முகம் சிவக்க ஆரம்பித்துவிட்டது அவளுக்கு, ரத்த அழுத்தம் வேறு. போதும், எழுந்திருங்கள் என்றேன். மாட்டேன் என்றாள். இன்னும் நேரம் போனால் மயங்கி விழுவாள். கையைப் பிடித்து இழுக்கலாம். ஆனால் முன்பின் தெரியாத ஆண் ஒருவன் கையைப் பிடித்தால் அவள் எப்படிப் பயந்துபோவாள் என்று யோசித்துப் பார். அவளுடைய புருஷன் நான், அவளைத் தொட முடியாமல் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தேன். ஏன் மாட்டேன் என்கிறாள் என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எம் பொண்ணு கூட வந்திருக்கா. உள்ள துணி மாத்திக்கிட்டு இருக்கா. அவ வந்து முதுகு தேய்ச்சு விடாம நான் எந்திரிக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன், சிஹோ. என்ன பைத்தியக்காரத்தனம். நானும்தான் பார்த்தேன்.

பிறகு அந்நியனாகவே பேசினேன். உங்கள் பெண்ணை வெளியே பார்த்தேன், சாப்பாடு ஆறுகிறதென்று அறைக்குப் போய்விட்டாள், அம்மாவை வரச்சொன்னாள் என்றேன். உடனே எழுந்துவிட்டாள். உடைமாற்றும் அறையில் பெரிய துண்டோடு தயாராக நின்ற விடுதிப் பெண் அவளைப் போர்த்திப் பெண்கள் பக்கம் கூட்டிப்போனாள். அவர்கள் போனபிறகு இகராஷி திரும்பினார். அவரும் மிச்சமிருந்த இன்னொருவரும் வெந்த ஆக்டோபஸ் மாதிரி ஆகியிருந்தார்கள். "நாப்பது வருஷமா செர்ரி பறிக்கிறேன், ஒரு பழமும் இப்படிச் சிவந்ததில்ல" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர். ஊருக்குப் போனதும் முதல் தரக் கடற்பாசி ஒரு கட்டு அனுப்பவேண்டும்.

நான் அவசரமாக அங்கியைச் சுற்றிக்கொண்டு வந்து கடிகாரத்துக்கு அடியில் நின்றேன். அவள் வந்தாள், என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. எங்கே போயிருந்தீர்கள், வாசலில் நில்லுங்கள் என்றால் நிற்கத் தெரியாதா என்று திட்டினாள். அந்தத் திட்டு எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொன்னால் நம்பமாட்டாய். படி ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"உள்ள ஒரு பெரியவரு. பாவம், தனியா வந்திருக்காரு. கண்ணெல்லாம் கலங்கியிருந்துச்சு. நம்ம ரூமுக்குச் சாப்பிடக் கூப்பிடலாமா?"

கூப்பிடலாம் என்றேன்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு விடுதி நடத்தும் அம்மா அறைக்கு வந்து பாயில் கை ஊன்றி மன்னிப்புக் கேட்டார். தப்பு உங்களுடையதில்லை, இடப்பக்கம் என்று சொல்லிக்கொடுத்தவன் நான் என்றேன். இந்த அறை எப்போதும் உங்களுக்குத்தான் என்றார். அடுத்த முறை மட்டும் கூட ஒரு பெண் வந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருக்கும் என்று, வார்த்தை வார்த்தையாக எடுத்து வைத்துச் சொன்னார். எவ்வளவு மரியாதையாகச் சொன்னாலும் சொன்னது அதுதான். எனக்குக் கோபம் வரவில்லை. என் கடையாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இவர்கள் சாப்பாட்டில் வைத்த கருவாடு நம்முடையது இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். உப்பில் ஒரு நாள் கூடுதலாகக் கிடந்த மீன். உன் அம்மா ஒரு வாய் தின்றுவிட்டுத் தள்ளிவைத்தாள். அது இன்னும் அவளுக்குத் தெரிகிறது.

இப்போது மத்தியானம். அவள் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சிறு துண்டை மடிக்கிறாள், பிரிக்கிறாள், மறுபடி மடிக்கிறாள். காலையிலிருந்து நாலு தரம் நீ எங்கே என்று கேட்டுவிட்டாள். முதலில் ஜெர்மனியில் இருக்கிறாள் என்று உண்மையைச் சொன்னேன். முகம் அப்படி வாடிப்போனது. இனி அதைச் சொல்ல மாட்டேன். இரண்டாம் தரத்திலிருந்து வேறு பதில் சொல்கிறேன்.

உன் ஒப்பந்தத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. வயதான பெற்றோருக்காகக் கையிலிருக்கும் வேலையை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், விடாதவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரையும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என் அப்பா நோயில் படுத்திருந்தபோது, உன் வயதில் நான் ஹக்கோதாதேயில் கடற்பாசி ஏலத்தில் நின்றிருந்தேன். கோட்டுப் பையில் இருக்கும் பழைய கடிதத்தைக் கிழித்துவிடுகிறேன், அதிலிருந்தது உண்மை இல்லை. இதில் இருப்பது உண்மை. அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அங்கே குளிர் முன்னதாகவே வருமாமே, கழுத்தை மூடிக்கொண்டு போ. நேரத்துக்குச் சாப்பிடு. எந்த முடிவெடுத்தாலும் நீ நன்றாக இருக்கவேண்டும், அதில் எனக்குப் பேரம் கிடையாது.

ஒன்று மட்டும். ஐம்பது வருட வியாபாரத்தில் கிளம்பாத சரக்கை வழியில் வருகிறது என்று ஒரு வாடிக்கையாளரிடமும் நான் சொன்னதில்லை. இன்றைக்கு உன் அம்மாவிடம் மூன்று தரம் சொல்லிவிட்டேன், சிஹோ துணி மாற்றிக்கொண்டிருக்கிறாள், இதோ வந்துவிடுவாள் என்று. அவள் நம்பிக்கொண்டு கதவைப் பார்த்தபடி இருக்கிறாள்.

உன் அப்பா,
எய்ஜிரோ