எலிவளைக்கு ஒரு சாட்சி

டோவர், 5 ஜனவரி 1995

அன்புள்ள ரோசலிண்டுக்கு,

டோவர்–கலே பயணிகள் கப்பலின் முதன்மை அதிகாரி க்ளிஃபர்ட் ஹாம்புரூக் ஆகிய நான், உன் திருமண அழைப்பை ஏற்றுக்கொள்ளவும், அதனுடன் நீ வைத்திருந்த ரயில் சீட்டைத் திருப்பி அனுப்பவும் இதை எழுதுகிறேன்.

'சன்னெல்ல வாங்கப்பா' என்று எழுதியிருக்கிறாய். சானல் என்னும் ஆங்கிலக் கால்வாயையும் டனல் என்னும் சுரங்கத்தையும் ஒரே கிண்ணத்தில் போட்டுப் பிசைந்த சொல். பொருளுக்கேற்ற பெயர்தான். மனிதன் காருக்குள் உட்கார, கார் ரயிலுக்குள் உட்கார, ரயில் கடலடிச் சேற்றுக்குள் நுழைகிறது. அதற்குப் பெயர் பயணமாம். எலிகூட வளைக்குள் தன் காலால் நடந்து போகிறது.

எங்கள் கப்பல் உணவறையில் நான் வைத்த சட்டம் நீ அறிந்ததே: அச்சொல்லை யார் உச்சரித்தாலும், அவரே மற்ற அனைவருக்கும் தேநீர் போட வேண்டும். சென்ற வாரம் மாட்டிக்கொண்ட சமையல்காரர் டெனிஸ், "ஒருநாள் நீங்களும் கெட்டிலைத் தூக்குவீங்க சார், நான் பாக்கத்தான் போறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

நான் கப்பலில் வருவேன்.

உன் தந்தை,
க்ளி. ஹாம்புரூக்

கலே, 10 ஜனவரி

அன்பு அப்பாவுக்கு,

சீட்டை மறுபடியும் அனுப்பறேன். திருப்பித் திருப்பி அனுப்ப எனக்கும் தெரியும், நான் உங்க மகதானே.

நிச்சயதார்த்தத்தன்னிக்கு என்ன நடந்துச்சு? புயல்ல உங்க கப்பல் துறைமுகத்துக்கு வெளியவே நின்னுச்சு. நீங்க வந்தப்ப மேசையைத் துடைச்சாச்சு. எனக்கு மாமியாரா வரப்போற பெர்த்ரானோட அம்மா உங்களுக்காக ஒரு தட்டை மூடி வச்சிருந்தாங்க. நீங்க "கடல்னா அப்படித்தான்"னு சொல்லிட்டு ஆறிப்போன சூப்பைக் குடிச்சீங்க.

இருபத்தெட்டாம் தேதி காலைல பதினோரு மணிக்கு நகரமன்றத்துல கல்யாணம். நடத்தி வைக்கற மேயர் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார். என் பக்கத்துச் சாட்சியா உங்க பேரைத்தான் குடுத்திருக்கேன். நீங்க இல்லேன்னா லுசியன் கையெழுத்துப் போடுவார். பெர்த்ரானோட சிநேகிதர், அந்த ரயிலை ஓட்டறவர். அவர் நேரத்துக்கு வந்துடுவார்ப்பா.

ரோஸ்

டோவர், 14 ஜனவரி

அன்புள்ள மகளுக்கு,

எலிவளைக்குள் வண்டி ஓட்டுகிறவன் என் மகளின் திருமணத்துக்குச் சாட்சியா? உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சற்று நேரம் துறைமுகச் சுவர்மேல் நடந்தேன். அலை சுவரைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது.

பிறகு ஒன்றை எண்ணிப் பார்த்தேன். ஜனவரி மாதத்தில் எங்கள் கப்பல் குறித்த நேரத்தில் கலே சேரும் என்று உறுதிமொழி எழுதித் தரும்படி யாராவது கேட்டால், நான் கையெழுத்திட மாட்டேன். உண்மையல்லாத எதன் கீழும் என் கையெழுத்து இருந்ததில்லை. உனக்கு மட்டும் கடிதத்தில் அந்த உறுதியைத் தருவது முறையாகாது.

அந்த வளையைப் பற்றிய என் கருத்தில் எள்ளளவும் மாற்றமில்லை. அந்தச் சொல்லைப் பற்றியும் இல்லை. லுசியனிடம் அன்று ரயிலை மட்டும் கவனித்தால் போதும் என்று சொல்லிவிடு.

இன்று மாலை உணவறையில் அனைவர் முன்னிலையிலும் அச்சொல்லை ஒருமுறை தெளிவாக உச்சரிப்பேன். என் சட்டப்படி எல்லோருக்கும் தேநீர் போடுவேன். டெனிஸுக்குக் கடைசியாக, சர்க்கரை இல்லாமல். இருபத்தெட்டாம் தேதி காலை, என் சொந்தப் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, காரை அந்த ரயிலுக்குள் ஓட்டுவேன்.

உன் தந்தை,
க்ளி. ஹாம்புரூக்