குழாய்க்காரர் வீட்டில் ஒரு வளையம்

மார்ச் 4

இன்றும் அதே கதை. காலையில் எழுந்தபோது ஒன்றும் இல்லை. வேலை சூடு பிடித்ததும் கீழே ஏதோ இறங்கி வந்து உட்கார்ந்துகொண்டது. கால்களுக்கு நடுவே ஒரு முட்டையை இடுக்கிக்கொண்டு நடப்பது போல. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

சலவைக்கூடத்தில் ஈரப் படுக்கை விரிப்புகளை மெஷினிலிருந்து உருவி, கூடையில் அமுக்கி, உலர்த்தும் மெஷினுக்குத் தூக்க வேண்டும். எல்லாம் லாட்ஜ்காரர்களின் விரிப்புகள். காய்ந்தால் காகிதம், நனைந்தால் கல். ஒரு கூடையை மூச்சைப் பிடித்துத் தூக்கினேன், அவ்வளவுதான், மொத்தமும் கீழே வந்துவிட்டது. கழிவறைக்கு ஓடி, விரலால் உள்ளே தள்ளிவிட்டு, கையைக் கழுவி, முகத்தையும் கழுவி, சிரித்த முகமாக வெளியே வந்தேன். நடிப்புக்குப் பரிசு கொடுத்தால் எனக்குத்தான் கொடுக்க வேண்டும்.

ஒன்றரை வருஷமாகிறது. கட்டினவருக்கே தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன்.

மார்ச் 5

சளி பிடித்திருக்கிறது. ஒவ்வொரு இருமலுக்கும் கீழே நனைகிறது. கறுப்புப் பாவாடை மட்டும்தான் இனி.

மார்ச் 9

ஞாயிற்றுக்கிழமையாவது கொஞ்சம் உட்காரலாம் என்று சாய்ந்தேன். அத்தைக்கு — இவருடைய அம்மாவுக்கு — பொறுக்கவில்லை. "எங்க காலத்துல பகல்ல முதுகைக் கீழ வச்சதில்ல. இப்ப இருக்கறவங்களுக்கு உடம்பெல்லாம் வெண்ணெய்." எழுந்து பாத்திரத்தைத் தேய்த்தேன். தேய்த்த வேகத்தில் ஒரு கரண்டி வளைந்துவிட்டது. அத்தை அதற்கும் ஒரு பாட்டு பாடினார்.

இவர் காலையிலேயே யார் வீட்டிலோ அடைத்த குழாயைத் திறக்கப் போய்விட்டார். வரும்போது சட்டைப்பையில் வழக்கம்போல நாலு வாஷர். ரோட்டில் ரப்பர் வளையம் கிடந்தால் பெருமாளே எதிரில் வந்தாலும் குனிந்து எடுத்துவிட்டுத்தான் கும்பிடுவார். சமையலறையில், அலமாரியில், குளியலறை ஜன்னலில், எங்கே கை வைத்தாலும் வாஷர். "என்னைக்காவது உதவும்." இதுதான் இவருடைய வேதவாக்கு.

சாயங்காலம் இவர் கேட்டார். "என் மேல ஏதாவது கோவமா?"

"இல்லையே."

"பின்ன ஏன் சுவத்தோட சுவரா ஒட்டிப் படுக்கிற?"

முதுகுவலி என்றேன். ஒன்றரை வருஷமாக அதே முதுகுவலி. இவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். சண்டை போட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்த ஒரு தலையணை போனதும் கட்டில் மைதானம் மாதிரி ஆகிவிட்டது.

சொல்லலாம்தான். எப்படி ஆரம்பிப்பது? "ஏங்க, எனக்கு உள்ள இருக்கறது வெளிய வருதுங்க" என்றா? அருவருப்பாகப் பார்த்துவிட்டால்? அதற்கப்புறம் எந்த முகத்தோடு சோறு போடுவேன்?

மார்ச் 15

தெருமுனை டாக்டரிடம் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, மேஜையிலிருந்த போனைத்தான் பார்த்தார். பாதி சொல்வதற்குள், "ரெண்டு பிள்ளை பெத்தாச்சு இல்ல? இனிமே கர்ப்பப்பை எதுக்கு? எடுத்துடலாம். வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்றார். அடைத்த குழாயைக்கூட என் வீட்டுக்காரர் இவ்வளவு அவசரமாக வெட்ட மாட்டார்.

வெளியே வந்து ரொம்ப நேரம் நடந்தேன். எங்கே போகிறேன் என்றுகூடத் தெரியவில்லை.

மார்ச் 22

மைக் கண்டுபிடித்துவிட்டாள்.

சலவைக்கூடத்தில் என்னோடு விரிப்பு மடிப்பவள். அவள் குசுகுசுத்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும், அதனால் அந்தப் பெயர். சூப்பர்வைசர் நடப்பதைப் போல நடந்து காட்டினாள். நான் சிரித்துத் தொலைத்தேன். சிரித்ததும் பொலபொலவென்று... அப்படியே கூடையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தாள். ஒரு விரிப்பை எடுத்து என் இடுப்பில் சுற்றி, துணி அறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"அடி இறக்கமா?"

நான் அழுதேன். அழுதாலும் ஒழுகுகிறது! என்ன உடம்பு இது.

"எங்க அக்காவுக்கும் இருந்துச்சு. பெரிய ஆஸ்பத்திரியில பொம்பளைங்களுக்குன்னு தனியா ஒரு பிரிவு இருக்கு. ஒண்ணாந்தேதி கழிச்சு வர்ற வியாழக்கிழமை வா, நானும் வரேன். நெருப்புன்னு சொன்னா வாய் வெந்துடாதுடி."

மைக்கின் வாயிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வரும் என்று இன்றுதான் தெரியும். இருந்தாலும் நாளைக்கே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டால்?

மார்ச் 24

யாருக்கும் தெரியவில்லை. பாவம், அவளைத் தப்பாக நினைத்துவிட்டேன்.

ஏப்ரல் 3

போய்வந்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான், மைக்கோடு.

டாக்டரம்மா சின்ன வயசு, என்னைவிட இளையவர். படுக்க வைத்து, "முக்குங்க, இருமுங்க" என்றார். எனக்கு உயிரே போனது. பிறகு எழுந்து உட்காரச் சொல்லி, ஒரு பொம்மை இடுப்பை எடுத்துக் காட்டினார். கர்ப்பப்பையையும் மூத்திரப் பையையும் தாங்குகிற சதை ஒரு தொட்டில் மாதிரி இருக்கிறதாம். பிரசவத்தில் தளர்ந்து, பாரம் தூக்கித் தூக்கி இன்னும் தளர்ந்து, எல்லாம் சேர்ந்து இறங்கியிருக்கிறது. கர்ப்பப்பை இறக்கம். "நிறையப் பேருக்கு இருக்கும்மா. வாயைத் திறக்கறவங்கதான் குறைவு."

புற்றுநோய் இல்லையா என்று கேட்டேன். இல்லை என்றார். ஒன்றரை வருஷமாக அந்தக் கேள்வியை எனக்கு நானேகூடக் கேட்டுக்கொள்ளாமல் வைத்திருந்திருக்கிறேன்.

கர்ப்பப்பையை எடுக்கத்தான் வேண்டுமா என்றேன். இப்போது அவசரமில்லையாம். பயிற்சி செய்யலாம், வளையம் வைக்கலாம், இரண்டும் போதாவிட்டால் ஆபரேஷன், அதிலும் பல வகை இருக்கிறதாம். முடிவு என்னுடையதாம்! வீட்டுக்காரரைக் கூட்டி வா என்று சொல்லவில்லை.

மெத்தென்ற ஒரு சிலிக்கான் வளையம். முதலில் வைத்தது நடந்து பார்த்தபோதே நழுவிவிட்டது. அடுத்த அளவு நின்றது. வாரம் ஒரு தடவை நானே எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, திரும்ப வைத்துக்கொள்ளலாம். பயிற்சி சொல்லித்தரும் பெண் வேறு ஒருத்தி: மூத்திரத்தை அடக்குவது போல இறுக்கு, விடு, இறுக்கு, விடு. மூச்சைப் பிடிக்கக் கூடாது. பாரம் தூக்கும்போது மூச்சை விட்டுக்கொண்டே தூக்க வேண்டும். இத்தனை வருஷமாக நேர் எதிராகத் தூக்கியிருக்கிறேன்.

"வீட்டுக்காரருக்குத் தெரியுமா?" என்று டாக்டரம்மா கேட்டார். தெரியும் என்றேன். ஏன் பொய் சொன்னேன்?

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். முட்டை இல்லை. இறங்கும்போது குதித்து இறங்கினேன், மைக் திட்டினாள்.

ஏப்ரல் 7

மைக் சூப்பர்வைசரிடம், "இனிமே ஈரக் கூடையை ரெண்டு பேராத்தான் தூக்குவோம், ஒத்தையாத் தூக்கி எங்க இடுப்பு போனா நீங்களா கொண்டுவந்து மாட்டுவீங்க?" என்று மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினாள். என் பெயரைச் சொல்லவில்லை. அவர் சரி சரி என்று ஓடிவிட்டார்.

ஏப்ரல் 13

முதல் தடவை நானே எடுத்துக் கழுவினேன். கை வழுக்கி வாளிக்குள் விழுந்தது. மறுபடி கழுவி, குளியலறை ஜன்னலில் காயவைத்து, மேலே துண்டைப் போட்டு மூடினேன். திருடி மாதிரி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உடம்பு லேசாகிவிட்டது. மனசுதான் நிற்க மாட்டேன் என்கிறது. இவர் இன்னும் கூடத்தில்தான் படுக்கிறார். "முதுகு எப்படி இருக்கு?" என்று தினமும் கேட்கிறார். அக்கறையாகக் கேட்கிறாரா, குத்திக்காட்டுகிறாரா? இன்று சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அத்தை தண்ணீர் கேட்டார். மூடிக்கொண்டேன்.

ஏப்ரல் 20 — காலை

வளையத்தைக் காணோம்.

கழுவி வைத்துவிட்டுத் துணி உலர்த்த மாடிக்குப் போனேன். வந்து பார்த்தால் துண்டு இருக்கிறது, வளையம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே, சாக்கடை ஓரம், வாளிக்கு அடியில், எல்லா இடமும் தேடிவிட்டேன். அத்தையிடம் கேட்டேன், "இங்க ஒரு வளையம் இருந்துச்சே?" "இந்த வீட்ல வளையத்துக்கா பஞ்சம்?" என்றார். எலி தூக்கிப் போயிருக்குமா? எலிக்கு எதற்கு? கீழே மறுபடி முட்டை. தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஏப்ரல் 20 — சாயங்காலம்

எழுதவே கை வரவில்லை. சிரிக்கவா, அழவா?

இவர் சாப்பிட உட்கார்ந்தார். முகத்தில் ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு சந்தோஷம்.

"ஜன்னல்ல ஒரு வாஷர் கிடந்துச்சே, எங்க வாங்கின? என்னா சரக்கு! கடை கடையா காட்டினேன், இந்த மாதிரி கிடையாதுங்கறான்."

கரண்டியைக் கீழே வைத்தேன். "அது இப்ப எங்க?"

"பல் டாக்டர் வீட்டு ஃப்ளஷ் டாங்க்ல போட்டேன். மாசக்கணக்கா ஒழுகிட்டு இருந்துச்சு. கச்சிதமா உட்கார்ந்துச்சு பாரு, ஒரு சொட்டு ஒழுகல!"

ஒரு சொட்டு ஒழுகவில்லையாம். எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்க அடக்க வந்தது. சிரித்ததில் இங்கே ஒழுகிவிட்டது. அப்படியே சுவரோரம் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். இவர் பயந்துபோய், "என்னா, விலை அதிகமா? வேற வாங்கித் தரேன்" என்கிறார். பாவி மனுஷன்!

"அது வாஷர் இல்லைங்க. எனக்கு வச்சது. என் உடம்புக்குள்ள."

பிறகு எல்லாம் கொட்டிவிட்டேன். கோர்வையாகச் சொன்னேனா தெரியாது. இறங்கியது, விரலால் தள்ளியது, கறுப்புப் பாவாடை, தெருமுனை டாக்டர், சுவரோடு சுவராகப் படுத்தது எதனால் என்பது, எல்லாம். இவர் கை சோற்றிலேயே இருந்தது. எழுந்து போய்க் குழாயைத் திறந்து ரொம்ப நேரம் கை கழுவினார். முடிந்தது, அருவருத்துவிட்டார் என்று நினைத்தேன்.

முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்: "என்னைப் புடிக்காமப் போச்சுன்னுல்ல நினைச்சேன். ஊர்ல யார் வீட்டுல எது ஒழுகினாலும் எனக்குத் தெரியும். என் வீட்டுல தெரியல பாரு."

குரல் உடைந்திருந்தது. கோபமும் இருந்தது. இருக்கட்டும், அந்தக் கோபம் நியாயம்தான்.

ஏப்ரல் 21

விடிந்ததும் பல் டாக்டர் வீட்டுக்குப் போய், வேறு வாஷர் போட்டுக் கொடுத்துவிட்டு, வளையத்தை மீட்டுக்கொண்டு வந்து பெருமையாக நீட்டுகிறார். "வெந்நீர்ல போட்டா போதாதா?"

"அடுத்தவங்க கக்கூஸ் டாங்க்ல ராத்தங்கினதை நான் வச்சுக்கணுமா?"

இவர் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். நான் காலை இறுக்கிக்கொண்டு சிரித்தேன்.

ஏப்ரல் 24

பெரிய ஆஸ்பத்திரிக்கு இவரும் வந்தார். டாக்டரம்மாவிடம், இது எத்தனை வருஷம் தாங்கும், அளவு எப்படி எடுக்கிறீர்கள், ஓரம் தேயாதா என்று கேள்வி மேல் கேள்வி. நான் குனிந்த தலை நிமிரவில்லை. டாக்டரம்மா எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். புது வளையம் வைத்தாயிற்று. "பழசு எப்படிம்மா தொலைஞ்சது?" என்று கேட்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எலி என்றேன்.

ஏப்ரல் 27

அத்தை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மெல்லிய சுவர், அன்றைக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. வசவுக்குத் தயாராக நின்றேன்.

"அந்த வளையம் வயசானவங்களுக்கும் குடுப்பாங்களா?"

"யாருக்கு அத்தை?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உன் புருஷன் பொறந்ததிலேருந்து எனக்கு இருக்கு. துணியை மடிச்சுக் கட்டிக்கிட்டே காலம் போச்சு. அவங்க அப்பாவுக்கும் தெரியாது."

பாவமாக இருக்க வேண்டும் எனக்கு. இருந்தது. அதற்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. "அப்ப உங்களுக்குத் தெரியுமில்ல எப்படி இருக்கும்னு? தெரிஞ்சுமா என்னைய உட்கார விடல?"

"நான் உட்காரலையே. நீ மட்டும் உட்கார்ந்தா எனக்கு எரியாதா?"

பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். உண்மையைச் சொல்லிவிட்டார். கட்டில் ஓரத்தில் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார். உட்கார்ந்தேன். பகலிலேயே.

மே 8

கூட்டிப்போனேன். வழி நெடுக, "ஆம்பளை டாக்டரா இருந்தா திரும்பிடுவேன்" என்றார். உள்ளே போனவர், டாக்டரம்மாவிடம் கதையெல்லாம் சொல்லிக்கொண்டு லேசில் வெளியே வரவே இல்லை. அவருக்கும் ஒரு வளையம் வைத்தாயிற்று.

மே 19

பயிற்சியை இரண்டு நாள் விட்டுவிட்டேன். பயிற்சிக்காரப் பெண் கேட்டால் என்ன சொல்வது? சாயங்காலமானால் இன்னும் இடுப்பு கனக்கிறது. எப்போதாவது ஆபரேஷன் என்று வந்தால் பார்த்துக்கொள்ளலாம். பயம் போகவில்லை. முன்பு ஒருத்தியாகப் பயந்தேன்.

தலையணை திரும்பி வந்துவிட்டது. இதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஜூன் 29

குளியலறை ஜன்னலில் மூடி போட்ட இரண்டு டப்பாக்கள், இவர் வாங்கி வந்தவை. வாஷர்களையெல்லாம் அங்கிருந்து அவரே அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அத்தை உள்ளேயிருந்து கத்தினார். "ரெண்டு டப்பாவும் ஒண்ணு போலத்தான் இருக்கு. எது என்னோடதுன்னு எவளுக்குத் தெரியும்?"

நான் அடுப்படியில் இருந்தேன். பதில் சொல்வதற்குள், கூடத்தில் ஒரு பழைய குழாயைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த இவர், தலையைத் தூக்காமலே சொன்னார்:

"பெரிய வளையம் உன்னோடதும்மா. சின்னது அவளோடது. மாத்தி வச்சுறாத."