பதினோரு நிமிடம் மூடாத கதவு

கோபம் தீராத என் மெக்கானிக்குக்கு,

கிழிப்பதற்கு முன் இதைப் படித்துவிடு.

நம் கப்பலை உடைக்கக் கொண்டுபோகிறார்கள். அதன் முப்பது வருட சேவை வரலாற்றை எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். எந்தெந்தக் கரையில் எத்தனை டாங்கிகளை இறக்கினோம் என்பதெல்லாம் எழுதியாயிற்று. வெள்ளத்தில் தவித்த ஜனங்களை ஏற்றிய அந்த நாளுக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

தண்ணீர் இறங்குகிறது, கப்பல் தரைதட்டிவிடும், கரைக்கு இறங்கும் அந்த முன்கதவை மூடு என்று கேப்டன் மேல்தளத்திலிருந்து கத்தினார். "இன்னும் ஆள் வருது சார்" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு நீ பதினோரு நிமிடம் மூடவில்லை. கட்டளையை மீறியதற்கு உன்னை உள்ளே தள்ளிவிடுவார்களே என்று பயந்து, பதிவேட்டில் 'கதவு பழுது' என்று எழுதினேன். கதவைப் பராமரிக்கத் துப்பில்லாதவன் என்று உன்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

நேற்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். அதிகாரி கோடு போட்டு அடித்துவிட்டார். இன்று மறுபடி எழுதியிருக்கிறேன், பொய்ப் பதிவு என்னுடையது என்று கையெழுத்தும் போட்டு. அவர் அடிக்க அடிக்க எழுதுவேன். வருவது வரட்டும்.

வெள்ளிக்கிழமை அந்தக் கதவைக் கடைசியாக மூட வேண்டும். வேறு யாரையும் தொட விடமாட்டேன். நீ வரும்வரை திறந்தே இருக்கும்.

இப்படிக்கு,
அன்று பதிவேடு எழுதியவன்