ஸம்றா வீட்டு மணி

யீவு, சீனா
5 மார்ச் 2025

அன்புள்ள றிபா,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் வீடு விற்கும் கதையை எடுத்தாலே அழுதுவிடுகிறாய். அதனால்தான் இங்கே என்னோடு வேலை செய்துவிட்டு ஊருக்கு வரும் தம்பி சுபியானிடம் கடிதம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே கம்பியில்லாத அழைப்பு மணி ஒன்றும் வருகிறது. வாசலில் மாட்டு.

இந்த ஊரைப் பார்த்தால் உனக்குத் தலை சுற்றும். நான் கடைகளுக்குச் சாமான் பிடித்தனுப்ப வந்த காலத்தில் இங்கே கீரைப் பாத்தி இருந்தது. இப்போது அதே இடத்தில் இருபத்திரண்டாம் மாடியில் குடியிருக்கிறேன். பெருநாளைக்கு ஊருக்கு வந்து திரும்பினால் புதிதாக ஒரு தெரு முளைத்திருக்கும். யாரும் பழையதை நினைத்து உட்கார்ந்திருப்பதில்லை. வீட்டை விற்றுவிட்டு நீயும் வா.

முபீன்

சாய்ந்தமருது
20 ஏப்ரல் 2025

அன்புள்ள மச்சான்,

வஅலைக்குமுஸ்ஸலாம். மணி நல்ல சத்தம். ஆனால் அடிக்கும்போது வாசலில் ஆளில்லை. நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு ஓடி ஓடித் திறந்தேன். கடல் காற்றுதான் உள்ளே வந்தது. பக்கத்து வீட்டு சல்மா உம்மா, "ஆரப் புள்ள தேடுறாய்?" என்று கேட்டா.

விற்கச் சொல்கிறீர்களே, அது யாருடைய வீடு? பெண்பிள்ளைக்கு வீடு கட்டிவைத்துத்தானே நம் ஊரில் கல்யாணம் பேசுவோம். சுனாமிக்குப் பிறகு அதே வளவில் திரும்பக் கட்டி, "இது ஸம்றாட வீடு" என்று சொன்னது நீங்கள்தான். ஆறு வயதில் கடல் கொண்டுபோன நம் பிள்ளையின் மையித்தை யாரும் கண்டதில்லை. வந்தால் கதவு திறக்க ஆள் வேண்டாமா?

றிபா

யீவு
2 ஜூன் 2025

றிபா,

இங்கே ஒரே பட்டறையில் அந்த மணியை மலைமலையாகச் செய்து தள்ளுகிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே அலைவரிசை. சல்மா உம்மா வீட்டிலும் அதுதான் இருக்கும். அவர்கள் வாசலில் அமுக்கினால் உன் வீட்டிலும் அடிக்கும், அவ்வளவுதான். பற்றரியைக் கழற்றி வை.

ஸம்றா மவுத்தாகிவிட்டாள். இத்தனை வருடம் வாயால் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். வீட்டை வாங்க ஆள் பார்த்துவிட்டேன். வீட்டு உறுதிப் பத்திரம் உன் பெயரில் இருக்கிறது, கையெழுத்து வை.

முபீன்

யீவு
19 செப்டம்பர் 2025

அன்புள்ள றிபா,

பதில் இல்லை. போனும் எடுப்பதில்லை. சுபியானிடம் விசாரித்தேன். "மணிக்குப் புதுப் பற்றரி போட்டிருக்காங்க காக்கா" என்றான்.

இன்று ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து சோறு போட்டேன். என் வீட்டு மணி அடித்தது. இந்த மாடியில் எல்லாக் கதவிலும் அதே மணிதான். காரணம் எனக்குத் தெரியும், உனக்கு எழுதியவனே நான்தான். இருந்தும் எச்சில் கையோடு ஓடினேன். கதவைத் திறந்தால் பளபளவென்று நீண்ட நடைவழி, ஒருவரும் இல்லை. "வாங்க மகள்" என்று சொல்லிவிட்டேன். சோறு ஆறும்வரை கதவைச் சாத்த மனம் வரவில்லை.

வீட்டை விற்க வேண்டாம். டிக்கெட் எடுத்துவிட்டேன். நான் வரும் அன்றும் மணி அடிக்கும், நீ ஓடி வருவாய். வாசலில் நான் மட்டும் நிற்பதைக் கண்டு கதவைச் சாத்திவிடாதே.

உன் முபீன்