பச்சைக் கை

அன்புள்ள அக்கா,

கலைக்கூடத்துக்குக் கூரை மாற்றியாகிவிட்டது. மழை பெய்தால் இனி களிமண் அறையில் வாளி வைக்க வேண்டாம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

சுற்றி வளைக்கிறேன் என்று இந்நேரம் உனக்குத் தெரிந்திருக்கும்.

நாற்பதாம் ஆண்டு மலருக்கு நம் கலைக்கூடத்தின் வரலாற்றை என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். பன்னிரண்டு பக்கம் எழுதினேன். மரக் கிடங்கைக் கெஞ்சிக் கேட்டு வாங்கியது, பெஞ்சுகளைத் தேய்த்தது, முதல் வகுப்பு எடுத்தது, எல்லாமே நான் ஒருவனே செய்ததாக. நீ கோபித்துக்கொண்டு போனாயே, அந்த வீம்பில் உன்னைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. புதிதாகச் சேருகிறவர்கள் சாயத்தில் கை முக்கிச் சுவரில் பதிப்பார்களே, அதில் முதலாவதாக இருக்கும் பச்சைக் கையும் என்னுடையது என்று எழுதிவிட்டேன். அன்று உன் உள்ளங்கையில் சாயம் பூசிவிட்டதே நான்தான்.

விழாவன்று புகைப்படக்காரர் என்னை அந்தச் சுவருக்கே இழுத்துக்கொண்டு போனார்.

"சார், உங்க கை மேலயே கைய வைங்க."

வைத்தேன். ஐந்து விரலும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன.

"ஏன் சார் உங்க கை பெருசா இருக்கு?" என்றாள் ஒரு சின்னப் பெண்.

"அப்ப நான் சின்னப் பையன்மா."

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது, அக்கா.

புகைப்படக்காரர் சிரித்தார். "பரவாயில்ல சார், விரலைக் கொஞ்சம் மடக்கிக்குங்க."

மடக்கிக்கொண்டேன். அந்தப் படத்தைத்தான் இப்போது வாசலில் மாட்டியிருக்கிறார்கள்.

உன் தம்பி