வாவி இறங்கும்போது

டிச. 9, திங்கள்

மழை விட்டிருக்கிறது. தன்னாமுனை வானம் சாம்பல். வாவித் தண்ணீர், பக்கத்து வளவுப் புனிதத்தின் தாங்குசுவர் விளிம்புக்கு ஒரு சாண் கீழே. பழைய பொறியியலாளனாகக் குறித்துவைக்க வேண்டியவை:

1. எல்லாரும் தண்ணீர் ஏறுவதற்குப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது இறங்குவதற்கு.
2. முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டினால் வாவி கடலுக்குள் மளமளவென்று வடியும். சுவருக்குப் பின்னாலுள்ள மண் அப்படி வடியாது. முன்னால் முட்டுக்கொடுத்த தண்ணீர் போனதும், ஊறிய மண் சுவரைத் தள்ளும்.
3. மண் வழுக்கினாலும் வெடிப்பு சுவரிலிருந்து ஏழு அடிக்குள் நிற்கும்.
4. புனிதத்திடம் சொல்ல வேண்டும். (எப்படி?)

அவளுடைய குசினி சுவரிலிருந்து ஐந்தடி. இடியப்பம் அவித்து விற்பது அங்கேதான். பத்தடியில் அறை. பாரிசவாதத்தில் படுத்திருக்கும் கணவர் அதற்குள்.

டிச. 10, செவ்வாய்

டேப்புடன் போனேன். பின்மண்ணில் ஊறும் நீர் வெளியேறச் சுவரில் விட்ட ஆறு வடிதுளைகளும் சீமெந்தால் அடைக்கப்பட்டிருந்தன.

"நண்டு வருது சேர், பாம்பும் வருது. மேசனக் கூப்பிட்டு அடைச்சிட்டன்."

"ஓ" என்றேன். திரும்பிவந்து புதிதாகக் கணக்கு. பாதுகாப்புக் காரணி ஒன்றுக்குக் கீழே, அதாவது சுவர் நிற்காது. மூன்று தடவை சரிபார்த்தேன். பென்சில்தான், அழிக்கலாம்.

கவராயத்தால், மண் எதுவரை வழுக்கும் என்று பார்க்கும் வட்டங்களைக் கீறக் கீற, எறிந்த வலை விரியும் கணம் போல. கதிரையிலேயே கண் அயர்ந்துவிட்டேன். கனவில் கரை முழுவதும் மூச்சு விட்டபடி மெல்லத் தண்ணீருக்குள் போகிறது, வீடுகளில் விளக்கு எரிகிறது, ஒருவருக்கும் ஒன்றுமில்லை. விழித்தபோது தேநீர் ஆறியிருந்தது.

டிச. 11, புதன்

மணல்திட்டை நாளை வெட்டுகிறார்களாம். புனிதம் வீட்டுக் கடப்படிவரை இரண்டு தடவை போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை அவளே கண்டுவிட்டாள்.

"என்ன சேர், காலமயிருந்து நடக்கிறீங்க? இடியப்பம் வேணுமா?"

சொன்னேன். ஏழடி. கூடினால் எட்டு.

"அப்ப குசினி போயிருமா?"

"போகலாம். போகாமலும் விடலாம்."

"அவர்ர அறை?"

"அது பத்தடி தள்ளித்தானே பிள்ளை. ஒண்டும் ஆகாதெண்டு நினைக்கிறன்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னேரம் பானை சட்டி மட்டுமல்ல, கணவரையும் கட்டிலோடு தூக்கிக்கொண்டு நாலு பேர் தெருவில். எதிர்வீட்டிலிருக்கும் அவள் அக்காவின் குரல்: "என்னகா, சேர் கோடு கீறினாரெண்டு புருசனையும் தூக்குறியா?"

கட்டிலிலிருந்து அவர், குழறலாக: "மாப்பிள்ள ஊர்வலம்... மேளம் எங்க?"

வெட்கம். ஒரு பென்சில் கணக்குக்கு ஒரு நோயாளியை அலைக்கழித்துவிட்டேன்.

டிச. 12, வியாழன்

வெயில். காலையில் வெட்டியாயிற்று. மதியத்துக்குள் சுவரில் ஈரக்கோடு மட்டும் மேலே. தண்ணீர் எங்கோ கீழே. நேற்று வாவி இருந்த இடத்தில் ஒரு கொக்கு, மறந்துவிட்டுப் போன குடை மாதிரி. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நாலு மணி. பெரிய சத்தம் இல்லை. விடைபெற எழுந்தவர் போல் சுவர் முன்னால் குனிந்து வாவியின் ஈரத்தரையில் அமர்ந்தது. குசினியும் பின்னாலேயே போனது.

சுவர் நின்ற இடத்திலிருந்து நில வெடிப்புவரை அளந்தேன். பதினொன்றரை அடி. அறைக்குள், கட்டில் கிடந்த இடத்தில், வெடிப்புக்குள் என் கை முழங்கைவரை இறங்கியது.

"அவரை ஏன் பிள்ளை தூக்கினாய்? அறைக்கு ஒண்டும் ஆகாதெண்டெல்லோ சொன்னன்."

"நீங்க எதையும் குறைச்சித்தானே சேர் சொல்லுவீங்க. காய்ச்சல்ல கிடந்தாலும் லேசான சூடு எண்டுவீங்க. நான் ஏழ ரெண்டால பெருக்கிட்டன்."

கணக்கில், சுவருக்கு அடியில் மணல் என்று எடுத்திருந்தேன். இருந்தது சேறு.

மேலே, திங்கள் எழுதிய 3 பிழை.